காப்பகங்களுக்குக் கைகள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி, டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதிலிருந்து உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் நாயைப் பற்றிய கடிதம் இல்லாமல் போனது அபூர்வம். அதே மாதம் 22-ம் தேதி அந்த உத்தரவு மாறியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடலாம், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள். அப்புறம் நவம்பர் 7-ம் தேதி, பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் மாதிரி இடங்களில் இருக்கும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், மறுபடி அங்கே விடவே கூடாது என்று இன்னொரு உத்தரவு. ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் கடிதம் குவிந்தது, நானும் ஒன்றுவிடாமல் படித்தேன்.

பிள்ளையை நாய் கடித்துவிட்டது என்று எழுதுகிற தாயின் கோபத்தில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்க மாட்டேன். உலகத்தில் வெறிநாய்க்கடியால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நம் நாட்டில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் எல்லாக் கடிதத்திலும் ஒன்றைக் கவனித்தேன். நாய் தெருவில் இருக்கட்டும் என்பவரும் சரி, இருக்கவே கூடாது என்பவரும் சரி, அடிபட்டதை, நோய் வந்ததை, கடிப்பதை எங்கே வைப்பது என்று வரும்போது "காப்பகத்தில்" என்று ஒரு வார்த்தையோடு முடித்துவிடுகிறார்கள். அந்தக் காப்பகத்துக்குள் யார் கழுவுகிறார்கள், யார் சோறு வடிக்கிறார்கள், புழு வைத்த புண்ணை யார் சுத்தம் செய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் அப்படி ஒரு இடத்துக்கு வாரத்தில் பாதி நாள் போய்வருகிறவள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். எனக்கு அறுபதை நெருங்குகிற வயது. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்கச் செயலிழந்து பல வருடம் படுக்கையில் இருந்தார். அந்த வருடங்களில் எனக்குக் காலை, மாலை என்று எதுவும் தனியாகக் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். கஞ்சியை மூக்குக் குழாய் வழியாக ஊற்ற வேண்டும், மூத்திரப் பை மாற்ற வேண்டும், மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்க வேண்டும். சென்ற ஆண்டு அவர் போய்விட்டார். வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றேதான், "அவரும் கஷ்டப்படாம போயிட்டார், உனக்கும் விடுதலை". நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், ஆனால் எனக்கு அது காதில் விழும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன அன்று இரவு, அவரைப் புரட்டிப் போடும் நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்தது. மறுநாளும் வந்தது. மாதக்கணக்கில் வந்தது. எழுந்து உட்கார்ந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள், அங்கே வந்துவிடச் சொன்னாள். போய்க் கொஞ்ச நாள் இருந்தேன். அவர்கள் வீட்டில் எல்லாம் அதனதன் போக்கில் நடந்துகொண்டிருந்தது, நான் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன். இங்கே வருடம் திரும்பும் வரை பண்டிகை கிடையாது, சுப காரியத்துக்குப் போகக் கூடாது, தெருவில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் நானே உள்ளே போய்விடுவேன். யாரும் என்னைப் போ என்று சொன்னதில்லை. சொல்லாமலேயே பழகிப்போன விஷயம் அது. ஆறுதல் சொல்ல வருகிறவர்களும் மூன்று மாதத்துக்கு மேல் வருவதில்லை, அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள்தான் பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். கல்லூரியில் படிக்கிறவள், சனி ஞாயிறுகளில் ஏதோ நாய் காப்பகத்துக்குப் போவாள் என்று தெரியும், அவ்வளவுதான். "ஆன்ட்டி, வெடிச்சத்தத்துல ஓடிப்போய் வண்டியில அடிபட்டதுங்க நெறைய வந்திருக்கு, அங்க ஆளே இல்ல, பழைய துணி இருந்தா குடுங்களேன்" என்றாள். என் வீட்டில் பழைய துணி மூட்டை மூட்டையாக இருந்தது. அவருக்குக் கீழே விரிக்க வைத்திருந்த காட்டன் புடவைகள், ரப்பர் ஷீட்டுகள், பிரிக்காத டயப்பர் பொட்டலங்கள், பஞ்சு, கையுறை. எடுத்துக் கொடுக்கக் கொடுக்க வந்துகொண்டே இருந்தது, அவளால் ஸ்கூட்டியில் ஏற்ற முடியவில்லை. ஆட்டோ பிடித்து நானும் கூடவே போனேன்.

புறநகரில் ஒரு சின்ன காப்பகம். தகர ஷெட், கம்பி வலைக் கூண்டுகள், ஒரு மூலையில் சமையல், இன்னொரு மூலையில் சிகிச்சைக்கு ஒரு மேஜை. உள்ளே நுழைந்ததும் குரைப்பு காதைப் பிளந்தது, நாற்றமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கே பொறுப்பில் இருக்கும் தம்பி என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, ஊசி போட்டிருக்கீங்களா?" என்பதுதான். யார், என்ன, வீட்டுக்காரர் என்ன செய்கிறார், பிள்ளைகள் எத்தனை, ஒன்றும் கேட்கவில்லை. கடிபடுவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளும் வெறிநோய்த் தடுப்பூசி இருக்கிறது, அதை முடித்துக்கொண்டு வந்தால்தான் நாயைத் தொட விடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தது. டாக்டரிடம் போய்ச் சொன்ன தேதிகளில் போட்டு முடித்தேன். அதுவரைக்கும் வெங்காயம் சேராத, உப்புப் போடாத சோறு எப்படிச் செய்வது என்று சமையல்கார அக்காவிடம் கற்றுக்கொண்டேன். குருணை அரிசி, கோழிக் கழுத்து, கோழித் தலை, மஞ்சள்தூள், கிடைத்தால் பூசணி, கேரட். எல்லாம் ஒரே அண்டாவில் குழைய வேக வேண்டும், எலும்பு விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். வெயில் காலத்தில் தயிர்ச்சோறும் உண்டு.

கழுவுகிற வேலை எல்லோரும் நினைப்பதுபோல் அருவருப்பாக இல்லை. விடிந்ததும் கூண்டைக் காலி செய்து, அள்ளி, தேய்த்து, பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் காய விட்டால் ஒரு மணி நேரத்தில் அந்த இடம் வேறு மாதிரி ஆகிவிடும். பார்வோ என்று குட்டிகளுக்கு வரும் ஒரு வைரஸ் நோய் இருக்கிறது, ரத்தமாகப் பேதி போகும், ஓரிரு நாளில் ஆளையே உருக்கிவிடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம், பினாயிலுக்கெல்லாம் அசையாது, பிளீச்சிங்குக்குத்தான் சாகும். அதனால் கழுவுவதுதான் அங்கே முதல் வைத்தியம். குட்டிகள் இருக்கும் பெட்டிகளில் விரிப்பதற்குப் பழைய நாளிதழ்தான், உங்கள் நாளிதழும் அதில் உண்டு, ஆசிரியரே. ஈரத்தை நன்றாக இழுக்கும், அழுக்கானால் சுருட்டி எடுத்துவிட்டு வேறு போடலாம். காப்பகத்துக்கு அது எவ்வளவு தேவை என்று உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும்.

இனி செவலச்சியைப் பற்றிச் சொல்கிறேன். ஜிஎஸ்டி சாலையில் லாரி இடித்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன ஒரு நாட்டுப் பெண் நாய். செம்மண் நிறம், வலது காதில் சின்ன வெட்டு, அதாவது கருத்தடை ஆனது. பின்னங்கால் இரண்டும் தரையில் இழுபட்டு இழுபட்டுத் தோல் உரிந்திருந்தது. வால் ஆடாது. யாராவது பக்கத்தில் போனால் முன்னங்காலால் ஊன்றி மூலைக்கு நகர்ந்து பல்லைக் காட்டும். அங்கே இருந்த பிள்ளைகளுக்கு மனசு இருந்தது, ஆனால் படுக்கையில் கிடக்கும் உடம்பைப் பார்த்துக்கொண்ட பழக்கம் இல்லை. நான் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது, இடுப்பெலும்பு துருத்தும் இடத்தில் தோல் சிவந்திருக்கிறது, இன்னும் இரண்டு நாளில் புண்ணாகப் போகிறது. அந்தச் சிவப்பை நான் எத்தனை ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன்.

பழைய மெத்தையை வெட்டி, மேலே ரப்பர் ஷீட், அதன் மேல் மடித்த புடவை போட்டுப் படுக்கை செய்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்றிப் போட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினோம், இருக்கிறவர்கள் முறை வைத்துச் செய்தோம். இடுப்பு செத்துப்போன நாய்க்குச் சிறுநீர் தானாக வராது. வந்தாலும் முழுக்க வராது, தேங்கி நின்றால் சீக்கிரமே தொற்று வந்து காய்ச்சல் கண்டுவிடும். கால்நடை மருத்துவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அடிவயிற்றில் பின்னங்காலுக்குச் சற்று முன்னால் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தேடினால், நடுவில் எலுமிச்சை அளவுக்கோ சாத்துக்குடி அளவுக்கோ வழவழவென்று ஒன்று தட்டுப்படும். அதைக் கிள்ளக் கூடாது, குத்தக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே சீராக, மெதுவாக, விடாமல் அழுத்த வேண்டும். முதலில் சொட்டுச் சொட்டாக வரும், அப்புறம் சீராகப் போகும், கைக்குள் இருந்தது சுருங்கிக்கொண்டே வருவது தெரியும். நிறத்தைப் பார்க்க வேண்டும், மங்கலாக இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முடிந்ததும் வெந்நீரில் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, களிம்பு தடவ வேண்டும். காலையில், மதியம், இரவு. அப்புறம் பின்னங்கால்களை மடக்கி நீட்டும் பயிற்சி, பாதத்தில் விரலுக்கு நடுவே தேய்த்துவிடுவது.

முதல் வாரம் வாய்க்கு வலைப்பூட்டுப் போட்டுத்தான் செய்தோம். அப்புறம் ஒரு நாள் அவிழ்த்துவிட்டேன். நான் வயிற்றில் கை வைத்ததும் செவலச்சி தலையைத் திருப்பி என் மணிக்கட்டை மோந்து பார்த்துவிட்டு, பெரிதாக ஒரு மூச்சு விட்டுத் தலையைத் தரையில் போட்டுக்கொண்டது. என் கை அதற்குப் பழகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நானாகச் சமைத்து, தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்கு முன்னால் வரை நின்றுகொண்டே ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவேன்.

அவர் போனதும் யாருக்கும் தேவைப்படாமல் போய்விட்டது என்று நினைத்திருந்த அந்த வேலையை, அறியாமலேயே பல வருடம் கற்று வைத்திருந்த அந்த வேலையை, இங்கே ஒரு உயிர் காத்துக்கிடந்து வாங்கிக்கொண்டது. சந்தோஷம் என்று நான் சொல்வது இதைத்தான். துக்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. இன்றைக்கும் அவர் சட்டை கொடியில் இல்லாததைப் பார்த்தால் கண் கலங்கும். ஆனால் விழிப்பு வருகிற நடுராத்திரியில், செவலச்சியை இப்போது எந்தப் பக்கம் படுக்க வைத்திருப்பார்கள் என்ற நினைப்பு முதலில் வருகிறது, அப்படியே தூங்கியும் போய்விடுகிறேன்.

இப்போது அதற்கு இரண்டு சக்கரம் வைத்த ஒரு வண்டி செய்திருக்கிறார்கள், பிவிசி குழாயும் குழந்தை சைக்கிள் சக்கரமும் வைத்து அங்கே வரும் ஒரு பையனே செய்தது. அதை மாட்டிவிட்டால் அது முற்றம் முழுக்க ஓடுகிற ஓட்டத்தை நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.

எல்லாமே இப்படி முடிவதில்லை, அதையும் எழுத வேண்டும். பார்வோ வந்த ஒரே ஈற்றுக் குட்டிகளை டிரிப்ஸ் ஏற்றி ராத்திரி முழுக்க மடியில் வைத்திருந்தும் ஒன்றுகூடப் பிழைக்காத வாரம் உண்டு. அவற்றின் தாய்க்கு யாராவது தடுப்பூசி போட்டிருந்தால், கருத்தடை செய்திருந்தால் என்று நினைத்து அழுதேன். என் கணவருக்காக எல்லோர் முன்னாலும் அழ முடியாமல் வைத்திருந்தது எல்லாம் அன்றைக்குச் சேர்ந்து வந்தது, பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் அழுதார்கள், யாரும் யாரையும் தேற்றவில்லை, அப்புறம் எழுந்து கூண்டைக் கழுவினோம். இன்னொரு பக்கம், பிறப்புறுப்பில் பூக்கோசு மாதிரிக் கட்டி வந்து ரத்தம் சொட்டச் சொட்ட வருகிற நாய்கள் இருக்கின்றன. தெருவில் பார்த்தால் கல்லெறிந்து துரத்துவார்கள். நாய்க்கு நாய் பரவும் ஒருவகைப் புற்று அது, வாரம் ஒரு ஊசியாகச் சில வாரம் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து போட்டால் பெரும்பாலும் முழுக்கக் கரைந்துவிடும். அப்படிக் கரைந்து, ரோமம் பளபளவென்று வளர்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு வண்டியேறி அதன் தெருவுக்கே திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தெரு டீக்கடைக்காரர் "அடேய், நீயா!" என்று கத்தியதும் அது நாலுகால் பாய்ச்சலில் ஓடியது.

அங்கே வருகிறவர்களையும் சொல்ல வேண்டும். வேலையில் இருந்து திடீரென்று நிறுத்தப்பட்டு, வீட்டில் முகம் கொடுக்க முடியாமல் வருகிற ஒரு பையன், சக்கர வண்டி செய்தது அவன்தான். அரசுத் தேர்வு எழுதி எழுதி முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு பெண். திருமணம் முறிந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் இன்னொருத்தி. முதலில் எனக்குத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து உண்ணி பிடுங்கிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. நேருக்கு நேர் உட்கார்ந்து "உன் கஷ்டத்தைச் சொல்லு" என்றால் யாருக்கும் வாய் வராது. நாயின் காதுக்குள் பார்த்துக்கொண்டே, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெய் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே பேசினால் வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது.

என் நாத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. "வருஷம்கூடத் திரும்பல, நாயைக் குளிப்பாட்டப் போறியா, ஊர் என்ன சொல்லும்?" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, தம்பியைப் பறிகொடுத்தவர். அவரும் தேய்பிறை அஷ்டமி தவறாமல் பைரவருக்கு வடை மாலை சாத்துகிறவர்தான். "அண்ணி, பைரவர் பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று மட்டும் கேட்டேன். பதில் சொல்லவில்லை, ஆனால் போன மாதம் இரண்டு பழைய போர்வை கொடுத்தனுப்பியிருக்கிறார்.

கோயில், கல்யாணம், வளைகாப்பு என்று எல்லா இடத்திலும் ஓரமாக நிற்கப் பழகிய ஒரு பெண்ணை, "அம்மா சீக்கிரம் வாங்க, உங்கள விட்டா இதுக்கு யாரும் இல்ல" என்று கூப்பிடுகிற ஒரு இடம் இருக்கிறது என்பதை உங்கள் வாசகர்களில் என்னைப்போல் இருக்கும் பெண்களுக்குச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுத உட்கார்ந்தேன்.

பொதுவாகவும் சில வார்த்தை. தெருநாய் பெருகாமல் இருக்கக் கருத்தடை, தடுப்பூசி, திரும்ப அதே இடம் என்ற முறையை நம் சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு 1964-லேயே தொடங்கியது, மாநகராட்சி 1996-ல் அதைக் கையில் எடுத்தது, நாடு முழுமைக்குமான விதிகள் 2001-ல்தான் வந்தன, 2023-ல் திருத்தி எழுதப்பட்டன. விலங்குவதைக்கு எதிராக 1953-ல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியின் ருக்மிணி தேவி அருண்டேல், அதன் வழியில்தான் 1960-ல் சட்டம் வந்தது, 1962-ல் அமைக்கப்பட்ட விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே தலைவராக இருந்தார். இவ்வளவுக்கும் முன்னோடியாக இருந்த ஊரில், ஒரு காப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் தண்ணீர் வைக்க ஆள் இல்லை என்றால் வருத்தமாக இருக்கிறது.

அதே 1960 சட்டத்தில், வளர்த்த பிராணியைக் கைவிட்டால் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். இன்றைக்கும் அதுதான். எங்கள் காப்பக வாசலில் போன கோடையில் ஒரு ஹஸ்கியைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பனிப்பிரதேசத்து நாய், இரண்டு அடுக்கு ரோமம், சித்திரை வெயிலில் நாக்கு தொங்கிக் கிடந்தது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியிருப்பார்கள், ஏசி பில் கட்ட முடியவில்லையோ என்னவோ. தெருநாய்த் தொல்லை என்று பேசும்போது, வாங்கி வளர்த்துத் தெருவில் விடுகிறவர்களைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். அந்த அபராதத்தை உயர்த்தச் சொல்லி உங்கள் நாளிதழ் ஒரு தலையங்கம் எழுதினால் நன்றாக இருக்கும்.

வர நினைக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஊசி. அதில் சமரசம் வேண்டாம். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் மருந்து கிடையாது, வருவதற்கு முன்னால் தடுப்பதுதான் ஒரே வழி. ஊசி போட்டிருந்தாலும் கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எல்லாம் வைக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் கடிக்கு ஊசி இலவசம். நாயைக் கண்டால் பயம் என்றால் வரவே முடியாது என்று இல்லை, சமையல், துணி துவைப்பது, மருந்துக் கணக்கு எழுதுவது, போன் எடுப்பது என்று கூண்டுப் பக்கம் போகாமலேயே செய்ய நிறைய இருக்கிறது. அடிபட்ட ஒன்றை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்க ஒரு ஆள் கிடைத்தாலே அங்கிருக்கும் பிள்ளைகளுக்கு அரைநாள் மிச்சம். வீட்டில் கார் வைத்திருப்பவர்கள் இதை யோசிக்கலாம், நாயை ஏற்ற மாட்டேன் என்று சொல்லும் ஆட்டோக்களோடு மல்லுக்கட்டுவதுதான் எங்களுக்குப் பாதி வேலை.

ஒரு நாள் வந்து பத்து நாயோடு படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் போடும் படத்தைப் பார்த்து நாலு குட்டிக்கு வீடு கிடைக்கிறது. ஆனால் வாரத்தில் இரண்டே மணி நேரம் என்றாலும் அதே கிழமை, அதே நேரம் தவறாமல் வருகிறவர்தான் காப்பகத்துக்குப் பெரிய பலம். நாய்களுக்கும் அது தெரிகிறது, வாசலில் காத்திருக்கின்றன. இன்னொன்று, துக்கத்தோடு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே மனசு உருகி ஒன்றைத் தத்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். என் மகளே "அம்மா, ஒண்ண வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடேன்" என்றாள். நாய் பத்துப் பதினைந்து வருடம் இருக்கும் உயிர். மனம் ஒரு நிலைக்கு வந்த பிறகு முடிவு செய்யலாம். அதுவரைக்கும் அங்கே இருக்கும் எல்லாமே நம்முடையதுதான்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். நாய்க்கடிச் செய்திகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கிறீர்கள், கொடுக்கத்தான் வேண்டும். அதோடு வாரம் ஒருமுறை, இணைப்பிதழில் ஒரு கால் பத்தி போதும், உங்கள் பதிப்பு போகிற ஒவ்வொரு மாவட்டத்திலும் பதிவுபெற்ற காப்பகங்கள் எவை, இந்த வாரம் அவற்றுக்கு என்ன வேண்டும், எந்தக் கிழமை ஆள் குறைவு என்று போடுங்கள். உங்கள் நிருபர்கள் போன் செய்து கேட்டால் அவர்கள் சொல்லிவிடுவார்கள். பணம் கேட்டு விளம்பரம் போடச் சொல்லவில்லை. பழைய போர்வை, கோணிப்பை, குருணை அரிசி, நாளிதழ் கட்டு, இரண்டு மணி நேரம். மழைக்காலம் வருவதற்கு முன்னால் ஆரம்பித்தால் ரொம்ப உதவியாக இருக்கும், ஏனென்றால் ஐப்பசி கார்த்திகையில் தாழ்வான இடத்துக் கூண்டுகளில் தண்ணீர் ஏறினால் எல்லா நாயையும் ஒரே ராத்திரியில் மேட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கும், அப்போது ஒவ்வொரு நாய்க்கும் ஒரு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
குரோம்பேட்டை, சென்னை.